மேல பூஞ்சை, கீழ பிசுக்கு: பழைய கேமராவும் சேலத்துக் காத்தும்

என்கிட்ட ஹீலியாஸ் 44-2 லென்ஸ் ரெண்டு இருக்கு. ரெண்டும் ஒரே மாடல், 58 எம்எம், எஃப் 2, மாஸ்கோ பக்கத்துல க்ராஸ்னகோர்ஸ்க் ஃபேக்டரில செஞ்சது, ஜெனிட்ங்கிற சோவியத் கேமராவோட கூடவே வந்தது. ஒண்ணு செவ்வாய்ப்பேட்டைல ஒரு வீட்டு இரும்பு பீரோக்குள்ள பட்டுப்புடவைக்குக் கீழ பல வருஷம் கிடந்துச்சு. இன்னொண்ணு ஏற்காட்டுல ஒரு எஸ்டேட் வீட்டு அலமாரில தோல் கவரோட இருந்துச்சு. சேலத்து லென்ஸோட கண்ணாடிய பாத்தா இப்பதான் கழுவி வச்ச டம்ளர் மாதிரி பளிச்சுனு இருக்கும், ஆனா ஃபோகஸ் ரிங்க திருப்பணும்னா ஊறுகாய் ஜாடி மூடிய திறக்கிற மாதிரி பல்ல கடிச்சுக்கிட்டு திருப்பணும், உள்ள வெளிச்சம் வர்ற ஓட்டைய கூட்டிக் குறைக்கிற அப்பர்ச்சர் தகடெல்லாம் எண்ணெய் வழிஞ்சு மினுமினுங்குது. ஏற்காட்டு லென்ஸ் அப்படியே நேர் எதிர். ரிங் வெண்ணெய்ல கத்தி போற மாதிரி திரும்புது, கண்ணாடிக்குப் பின்னாடி டார்ச் அடிச்சா ஓரத்துல இருந்து நடு வரைக்கும் சிலந்தி வலை கட்டின மாதிரி பூஞ்சை. குடுத்தவர் "கண்ணாடி க்ளீனா இருக்கு தம்பி"ன்னுதான் சொன்னாரு, வெளிய இருந்து பாத்தா அவருக்கும் அப்படித்தான் தெரிஞ்சிருக்கும், டார்ச் அடிச்சு பாக்காதது என் தப்பு.

பழைய கேமரா வாங்கணும்னு வர்ற பசங்க எல்லாரும் முதல்ல கேக்கறது எந்த பிராண்ட் நல்லதுங்கிறதுதான். நான் திருப்பி கேக்கறது அது இத்தன வருஷம் எந்த ஊர்ல எதுக்குள்ள இருந்துச்சுன்னு. ஏன்னா சேலத்துல இருந்து ஏற்காடு முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனா சேலம் கடல் மட்டத்துல இருந்து 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1500 மீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு ஏறினதும் காத்தே வேற. ரெண்டு காத்தும் கேமராவ கெடுக்கும், ஆளாளுக்கு ஒரு மாதிரி.

பூஞ்சைய முதல்ல பாத்துடலாம். அதோட விதை எல்லா இடத்துலயும் இருக்கு, இப்ப நீங்க மூச்சு விடற காத்துலயும் இருக்கு, அதனால "பூஞ்சை பிடிச்ச லென்ஸ பக்கத்துல வச்சா நல்ல லென்ஸுக்கும் தொத்திக்கும்"னு பயந்து ஓடறதுல பெரிய அர்த்தம் இருக்கிறதா எனக்குத் தோணல, தொத்தறதுக்கு புதுசா எதுவும் வர வேண்டியதில்ல, ஏற்கனவே உக்காந்திருக்கு. அது முளைக்கணும்னா ஈரம் வேணும். காத்துல ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல நாள் கணக்கா நின்னு, இருட்டும் காத்தோட்டம் இல்லாத இடமும் கிடைச்சா போதும், லென்ஸ் மேல இருக்கிற தூசியையும் விரல் எண்ணெயையும் தின்னுட்டு வளர ஆரம்பிச்சிடும். வளர்றப்ப அமிலம் விடும், அது கண்ணாடி மேல பூசியிருக்கிற கோட்டிங்க அரிச்சு கண்ணாடியையும் அரிச்சிடும், அதுக்கப்புறம் பூஞ்சைய தொடைச்சு எடுத்தாலும் தடம் போகாது. ஐப்பசி கார்த்திகைல ஏற்காட்டுல துணி காயப்போட்டா மூணு நாள் ஆகும் இல்லையா, அந்த வீட்டு அலமாரில தோல் கவருக்குள்ள ஒரு லென்ஸ் இருந்தா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. தோல் கவர் பாக்க அழகா இருக்கும், பழைய கேமரா வாசனையே அதுலதான் இருக்கு, ஆனா தோல் ஈரத்த குடிச்சு வச்சுக்கும். கவர தனியா வைங்க, கேமராவ தனியா வைங்க.

பழைய ஸ்டுடியோக்காரங்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லிக் குடுக்காமலே தெரிஞ்சிருந்துச்சு. மரப்பெட்டிக்குள்ள ஒரு ஜீரோ வாட் பல்ப எரியவிட்டு அதுக்கு மேல தட்டுல லென்ஸ் வச்சிருப்பாங்க. பேருதான் ஜீரோ வாட், அந்த கால குண்டு பல்பு 12, 15 வாட் இழுக்கும், அந்த சூடுதான் வேலை செஞ்சது. கணக்கு இதுதான்: 20 டிகிரில 90 சதவீதம் ஈரப்பதமா இருக்கிற காத்த, தண்ணி எதுவும் எடுக்காம அப்படியே 26 டிகிரிக்கு சூடாக்கினா ஈரப்பதம் 63 பக்கம் இறங்கிடும், ஏன்னா சூடான காத்தால கூட தண்ணிய தாங்க முடியும். ஆறு டிகிரி போதும் பூஞ்சைய நிறுத்த. இப்ப ஒருத்தர் அதே பெட்டில எல்இடி ஜீரோ வாட் மாட்டிட்டு "எங்க அப்பா காலத்துல இருந்து இப்படித்தாங்க வைக்கறோம், இப்ப மட்டும் ஏன் பூஞ்சை பிடிக்குது"ன்னு கேட்டாரு. வெளிச்சம் வருது, சூடு வரலைங்களே.

பீரோவுல வைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன், பாச்சா உருண்டை வேண்டாம், கற்பூரமும் வேண்டாம். கேமரா கம்பெனிக்காரங்க மேனுவல்லயே அதுங்க பக்கத்துல வைக்காதீங்கன்னு போட்டிருப்பாங்க. அரிசி டப்பாக்குள்ள புதைக்கிறதும் வேண்டாம், அது ஈரத்த எடுக்கிறத விட தவிட்டு தூசிய உள்ள ஏத்தும். காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதுல சிலிக்கா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டற சின்ன மீட்டர் ஒண்ணு, இது போதும். 40ல இருந்து 50க்குள்ள முள் நின்னா நிம்மதி. ஜெல் நிறம் மாறினா வடச்சட்டில சின்ன தீயில வறுத்து திரும்ப போடலாம், ஆனா அந்த வடச்சட்டிய மறுபடி சமையலுக்கு எடுக்காதீங்க.

இப்ப கீழ வருவோம். சேலத்துக் காத்து ஏற்காடு அளவுக்கு பூஞ்சைய வளர்க்காது, அது வாஸ்தவம், ஆனா சித்திரை வெயில்ல மொட்டை மாடிக்குக் கீழ இருக்கிற ரூம்ல இரும்பு பீரோ எவ்வளவு சூடாகும்னு தொட்டு பாத்தவங்களுக்குத் தெரியும். லென்ஸோட ஃபோகஸ் ரிங்குக்குள்ள மரைக்கு கிரீஸ் போட்டிருப்பாங்க. கிரீஸ்ங்கிறது எண்ணெயும் அதப் பிடிச்சு வைக்கிற சோப்பு மாதிரி ஒரு பொருளும் கலந்தது. வருஷக்கணக்கா சூடு பட்டா எண்ணெய் மட்டும் பிரிஞ்சு ஒழுகி அப்பர்ச்சர் தகட்டுக்குப் போயிடும், மிச்சம் மரைல மெழுகு மாதிரி இறுகிடும். ஒரே காரணம், ரெண்டு வியாதி. ஹீலியாஸ் 44-2 தப்பிச்சதுக்குக் காரணம் அதுல அப்பர்ச்சர நம்ம கையாலதான் ரிங்க திருப்பி மூடணும், எண்ணெய் இருந்தாலும் கை தள்ளினா தகடு நகரும். ஆனா ஷட்டர் அமுக்கறப்ப தானா டக்குனு மூடுற வகை லென்ஸ்ல அதே எண்ணெய் இருந்துச்சுன்னா தகடு ஒட்டிக்கிட்டு மெதுவா மூடும், நீங்க எஃப் 11ங்கிற சின்ன ஓட்டைன்னு நினைச்சு எடுப்பீங்க, ஃபிலிம்ல எஃப் 4ங்கிற பெரிய ஓட்டைல எடுத்த மாதிரி வெளுத்துப் போய் வரும், ரோல் கழுவி வந்த அப்புறம்தான் தெரியும். கேமராக்குள்ள இருக்கிற கறுப்பு ஸ்பாஞ்சும் அப்படித்தான், பின் கதவு ஓரத்துல வெளிச்சம் புகாம இருக்க ஒட்டியிருப்பாங்க, நாப்பது வருஷத்துல அது தார் மாதிரி பிசுபிசுன்னு ஆயிடும். இத மட்டும் நீங்களே மாத்தலாம், ஸ்பிரிட்டும் குச்சியும் பொறுமையும் போதும்.

சேலத்து வெயிலுக்கு ஒரு நல்ல பேரும் வாங்கிக் குடுக்கணும். பென்டாக்ஸ் கம்பெனியோட சூப்பர் டக்குமார் 50 எம்எம் எஃப் 1.4, அதுல உள்ள ஏழு கண்ணாடி (எலிமென்ட்) இருக்கிற வெர்ஷன்ல தோரியம் கலந்த கண்ணாடி இருக்கு, லேசான கதிர்வீச்சு உள்ளது, வருஷம் போகப் போக கண்ணாடி டீத்தண்ணி கலருக்கு மஞ்சளாயிடும். அதுக்கு மருந்து புற ஊதா வெளிச்சம். பனி நாட்டுல இருக்கிறவங்க இதுக்குன்னு விளக்கு வாங்கி வாரக்கணக்குல வைக்கறாங்க, நமக்கு மாடில வெயில் சும்மா கிடைக்குது. கீழ அலுமினிய பேப்பர் விரிச்சு வைங்க, லென்ஸ் வெயில குவிச்சு பக்கத்துல இருக்கிற துணிய பத்த வச்சிடும், கண்ணுல வச்சு சூரியன பாக்கறது அதவிட ஆபத்து.

சரி, இந்த ஜெனிட் மாதிரி வெளிநாட்டு கேமராவெல்லாம் எப்படி இவ்வளவு தூரம் நம்ம ஊர் பீரோக்குள்ள வந்துச்சு? 1991க்கு முன்னாடி வெளிநாட்டு சாமான் இறக்குமதின்னாலே கட்டுப்பாடு, வரி வேற தலைக்கு மேல. அதனால பழைய வீட்டுல என்ன கேமரா கிடைக்குதுன்னு பாத்தாலே அந்த வீட்டு சரித்திரம் ஓரளவு தெரிஞ்சிடும். ஆக்ஃபா க்ளிக் 3 இருந்துச்சுன்னா நடுத்தர குடும்பம், அது பரோடாவுலயே செஞ்சது, 120ங்கிற அகலமான சைஸ் ரோல்ல 12 படம் சதுரமா வரும், வெயில் மேகம்னு ரெண்டே செட்டிங். ஜெனிட்னா சோவியத் நாட்டோட ரூபாய்லயே வியாபாரம் நடந்த காலத்து வரவு, தேங்காய் உடைக்கலாம், அவ்வளவு வெயிட்டு. நிக்கான், கேனான், பென்டாக்ஸ்னா யாரோ ஒருத்தர் சிங்கப்பூர்ல இருந்தோ துபாய்ல இருந்தோ லீவுக்கு வந்திருக்காரு. யாஷிகா எம்எஃப் 2ன்னா எண்பதுகள்ல ஃபிளாஷ் உள்ளயே இருக்கிற பிளாஸ்டிக் கேமரா வாங்கி பிறந்தநாளும் ஏற்காடு ஏரி போட்டிங்கும் எடுத்த குடும்பம். இதுல ஆக்ஃபா க்ளிக்க யாரும் மதிக்கறதில்ல, எனக்கு அது மேல ஒரு தனி பாசம், ஏன்னா கெட்டுப் போறதுக்கு அதுக்குள்ள ஒண்ணுமே இல்ல, 120 ரோல் 1901ல வந்தது, இன்னைக்கும் புதுசா விக்கிது, போட்டு அமுக்கினா படம் வரும்.

இந்த ஊருக்கும் ஃபிலிமுக்கும் பழக்கம் நேத்து இன்னைக்கு வந்ததில்ல. ஏற்காடு ரோட்டுல போறப்ப பஸ்ல இருந்து பாக்கற அந்த மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு, அதுக்குப் பின்னாடி இருந்த ஸ்டுடியோவ டி.ஆர். சுந்தரம் ஆரம்பிச்சது 1935ல. தமிழோட முதல் முழுநீள கலர் படம் 1956ல அங்க இருந்துதான் வந்துச்சு, பெல்ஜியம் கம்பெனியோட கேவாகலர் ஃபிலிம்ல. வளைவு மட்டும் மிச்சம். அதே மாதிரி ஊட்டில இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 1960ல தொடங்கின அரசு கம்பெனி, "இந்து"ங்கிற பேர்ல கறுப்பு வெள்ளை ஃபிலிமும் பேப்பரும் வந்துச்சு, உலகம் கலருக்கும் டிஜிட்டலுக்கும் போனப்ப அதால கூட ஓட முடியல. இப்ப ரோல் எல்லாமே வெளிநாட்டு சரக்கு, கலர் ரோல் ஒண்ணு ஆயிரம் ரூபாய ஒட்டி, கழுவி ஸ்கேன் பண்ண தனியா காசு, பெரும்பாலும் சென்னைக்கோ பெங்களூருக்கோ கூரியர் போடணும். 36 படத்துக்கு இவ்வளவான்னு கேட்டா, ஆமா, இவ்வளவுதான், இது சிக்கனமான பொழுதுபோக்குன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

அதனாலதான் நிறைய பேரு கறுப்பு வெள்ளைய வீட்டுலயே கழுவறாங்க, அங்கதான் நம்ம ஊர் மறுபடி வேலைய காட்டும். படத்த வெளிய கொண்டு வர்ற மருந்து, அதாவது டெவலப்பர், 20 டிகிரில இருக்கணும்னு டப்பால போட்டிருக்கும். இங்கிலாந்துல குழாய திறந்தா அந்த சூட்டுல தண்ணி வரலாம், சேலத்துல மே மாசம் டேங்க்ல இருந்து வர்ற தண்ணில காபி கலக்கலாம். எச்பி 5ங்கிற கறுப்பு வெள்ளை ஃபிலிம ஐடி 11ங்கிற டெவலப்பர்ல 20 டிகிரிக்கு ஏழரை நிமிஷம்னா, ஒவ்வொரு டிகிரி ஏறவும் ஏறக்குறைய பத்து சதவீதம் நேரம் குறையும், 30 டிகிரில ரெண்டரை நிமிஷத்துல முடிஞ்சிடும். சீக்கிரம் முடிஞ்சா நல்லதுதானேன்னு தோணும், இல்லீங்க, மருந்து ஊத்தி முடிக்கவே கால் நிமிஷம் போயிடும், அந்த கால் நிமிஷம் ரெண்டரைல பத்துல ஒரு பங்கு, மேல ஒரு கலர் கீழ ஒரு கலர்னு திட்டுத்திட்டா வரும். ஃபிலிம் மேல இருக்கிற ஜெலட்டின் வேற சூட்டுல ஊதி கொழகொழன்னு ஆயிடும், நகம் பட்டா உரிஞ்சிடும். சூடான மருந்துல இருந்து எடுத்து திடீர்னு ஐஸ் தண்ணில போட்டா தோல் சுருங்கற மாதிரி படம் முழுக்க வெடிப்பு விழும். அதனால மருந்து, படத்த நிலைக்க வைக்கிற ஹைப்போ, கழுவற தண்ணி எல்லாத்தையும் ஒரே பெரிய பிளாஸ்டிக் டப்ல நிக்க வச்சு சுத்தி ஐஸ் போட்டு, எல்லாம் ஒண்ணா 22, 24க்கு இறங்கினதும் ஆரம்பிக்கறதுதான் வழி. கலர் கதை வேற, சி 41 முறைல டெவலப்பர் 38 டிகிரில இருக்கணும், வெளிநாட்டுக்காரங்க ஹீட்டர் வாங்கறாங்க, நாம சித்திரைல டப்ப வராண்டாவுல வச்சாலே பாதி வேலை முடிஞ்சிடும். கடைசி அலசல மட்டும் டிஸ்டில்டு வாட்டர்ல பண்ணுங்க, மேட்டூர் தண்ணின்னா பரவால்ல, போர் தண்ணில கழுவினா நெகட்டிவ் காஞ்சதும் வெள்ளை வெள்ளையா உப்புப் புள்ளி.

ஏற்காட்டுல மார்கழி மாசம் இந்த ஐஸ் தொல்லை எதுவும் இல்ல. அங்க கழுவினா குழாய்த் தண்ணிய கொஞ்சம் சூடு பண்ணிதான் ஆகணும். அதே ஊர் காபிய வச்சும் ஃபிலிம் கழுவலாம், விளையாட்டுக்கு சொல்லல, 1995ல அமெரிக்கால ராச்செஸ்டர்ல ஒரு காலேஜ் வகுப்புல கண்டுபிடிச்சது, காஃபினால்னு பேரு. ஒரு லிட்டர் தண்ணிக்கு வாஷிங் சோடா 54 கிராம், விட்டமின் சி பவுடர் 16 கிராம், இன்ஸ்டன்ட் காபித்தூள் 40 கிராம், 20 டிகிரில 15 நிமிஷம். சமையல் சோடா வேற, வாஷிங் சோடா வேற, மாத்திப் போட்டா ஒண்ணும் வராது. இதுல வேலை செய்யறது காஃபின் இல்ல, காபில இருக்கிற காஃபிக் அமிலம் மாதிரியான பொருளுங்க, அது மட்டமான ரோபஸ்டால தான் அதிகம். ஏற்காட்டுல விளையறது பெரும்பாலும் அராபிகா. எஸ்டேட்ல இருந்து வாங்கின நல்ல தூள்ல டிகாக்ஷன் போட்டு குடிங்க, ஃபிலிமுக்கு கடைல இருக்கிறதுலயே விலை கம்மியான இன்ஸ்டன்ட் பாக்கெட் போதும். நாத்தம் மட்டும் சகிக்காது, வீட்டுல ஆளு இல்லாதப்ப பண்ணுங்க.

ஃபிலிமே வேண்டாம், பழைய லென்ஸ மட்டும் டிஜிட்டல் கேமராவுல மாட்டினா போதும்னு நினைக்கறவங்கதான் இப்ப ஜாஸ்தி, அதுக்கு ஒரு அளவு தெரிஞ்சிருக்கணும். லென்ஸ் மாட்டற வளையத்துல இருந்து ஃபிலிம் இருக்கிற இடம் வரைக்கும் எவ்வளவு தூரம்ங்கிறது ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு. ஹீலியாஸ், டக்குமார் எல்லாம் எம் 42ங்கிற திருகு மவுண்ட், அதுக்கு 45.46 எம்எம். சோனி மிரர்லெஸ்க்கு 18 எம்எம்தான், நடுவுல 27 எம்எம் சொச்சம் இடம் காலியா கிடக்குது, ஒரு வெத்து வளையத்த வச்சு அடைச்சா லென்ஸ் தன் பழைய இடத்துல போய் உக்காந்துக்கும், உள்ள கண்ணாடி எதுவும் தேவையில்ல. கேனான் டிஎஸ்எல்ஆருக்கு 44, அதுவும் ஓகே. நிக்கான் டிஎஸ்எல்ஆருக்கு 46.5, இங்கதான் நம்ம கல்யாண ஃபோட்டோகிராஃபர் தம்பிங்க நிறைய பேரு மாட்டிக்கறாங்க. வித்தியாசம் 1 எம்எம்தான், ஆனா லென்ஸ் அந்த 1 எம்எம் முன்னாடி தள்ளி நிக்கறதால 58 எம்எம் லென்ஸ் மூணு மீட்டர் சொச்சத்துக்கு அப்பால ஃபோகஸே ஆகாது. மணமேடைக்கு முன்னாடி நின்னு பொண்ணு மாப்பிள்ளைய எடுக்கலாம், ஏற்காடு பகோடா பாயிண்ட்ல நின்னு கீழ இருக்கிற ஊர எடுக்க முடியாது. மிரர்லெஸ்ல போட்டா மெனுவுல "லென்ஸ் இல்லாம ஷட்டர்" அப்படிங்கிற மாதிரி ஒரு செட்டிங் இருக்கும், அத ஆன் பண்ணுங்க, இல்லன்னா கேமரா லென்ஸே இல்லன்னு அடம் பிடிக்கும்.

படம் எப்படி இருக்கும்னா, ஹீலியாஸ்ல பின்னாடி இருக்கிற இலையெல்லாம் சுழல் மாதிரி சுத்தும், ஜெர்மனி பயோட்டார் லென்ஸோட வடிவத்த பாத்து செஞ்சதுதான் இது, சுழலும் அங்க இருந்து வந்த சீதனம். காபி செடிக்கு மேல சில்வர் ஓக் மரம், அதுக்கு நடுவுல வெளிச்சம் பொட்டுப் பொட்டா விழற இடத்துல எஃப் 2ல திறந்து எடுத்தா சுழல் நல்லா விழும். ஆனா பனிமூட்டத்துல எனக்கு இந்த லென்ஸ் பிடிக்கல. கோட்டிங் பழசு, கான்ட்ராஸ்ட், அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம், கம்மி, மூட்டமும் கான்ட்ராஸ்ட குறைக்கும், ரெண்டும் சேர்ந்து கஞ்சித்தண்ணி மாதிரி வருது. போதாக்குறைக்கு வெளிச்சம் அளக்கற மீட்டர் வெள்ளை மூட்டத்த சாம்பல்னு நினைச்சு வெளிச்சத்த குறைச்சிடும், ஒரு ஸ்டாப் (வெளிச்சம் ரெண்டு மடங்கு), சில நேரம் ஒன்றரை ஸ்டாப் கூட்டி வச்சுதான் எடுக்கணும். இதே லென்ஸ் சேலத்து மத்தியான வெயில்ல, கடைவீதில ஓலைத் தட்டிக்குக் கீழ நிழலும் வெளிய நெருப்பு மாதிரி வெயிலுமா இருக்கிற இடத்துல, அந்த கான்ட்ராஸ்ட் குறைவாலயே நிழல கொஞ்சம் தூக்கிக் காட்டும். நிறைய பேரு மூட்டத்துக்கு பழைய லென்ஸ எடுத்துட்டு மேல போறாங்க, நான் கீழ எடுக்கறேன்.

வாங்கறப்ப டார்ச் எடுத்துட்டுப் போங்க, முன்னாடி இருந்தும் பின்னாடி இருந்தும் அடிச்சுப் பாருங்க. ஷட்டர ஒரு செகண்ட்ல வச்சு அமுக்கி, ஒரு செகண்ட்ல சரியா மூடுதான்னு காதுகிட்ட கேளுங்க. பின்கதவ திறந்து ஸ்பாஞ்ச ஒரு தட்டு தட்டுங்க. அவ்வளவுதான், மிச்சம் அதிர்ஷ்டம்.

கடைசியா அந்த ஏற்காட்டு பூஞ்சை லென்ஸ் கதைக்கு வர்றேன். அத கழட்டி, ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும் சம அளவு கலந்து தொடைச்சேன், முக்கால்வாசி போயிடுச்சு, ஓரத்துல மட்டும் அரிச்ச தடம் இருக்கு, படத்துல தெரியல. ஐப்பசில மழை விட்ட ஒரு காலைல அத எடுத்துட்டு மேல இருந்து பைக்ல இறங்கினேன். எல்லாரும் கேமரா மேல போறப்பதான் வேர்க்கும்னு நினைப்பாங்க, இல்ல, ராத்திரி முழுக்க 15 டிகிரில குளிர்ந்து கிடந்த இரும்பு கீழ ஈரமான வெதுவெதுப்பான காத்துக்குள்ள வர்றப்பதான் அது மேல தண்ணி பிடிக்கும், ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த பாட்டில் மாதிரி. அடிவாரத்துல டீ சொல்லிட்டு பைய திறந்தேன், ரெண்டே நிமிஷத்துல முன் கண்ணாடி முழுக்க மூட்டம், அவசரத்துல சட்டை நுனிய வச்சு தொடைச்சேன், மண்ணு துகள் ஒண்ணு இருந்திருக்கு. அத்தன வருஷ பூஞ்சை போடாத கீறல என் சட்டை ஒரே நொடில போட்டுடுச்சு. இப்பல்லாம் மேல கிளம்பறப்பவே கேமராவ ஜிப் கவர்ல போட்டு காத்த பிதுக்கி மூடிடறது, அஸ்தம்பட்டி தாண்டி வீட்டுக்கு வந்து, குளிச்சு, சாப்பிட்டு, அப்புறம்தான் திறக்கறது.